தடை கேட்பது இருக்கட்டும், முதலில் ஈசிஜி எடுங்கள்

அம்மா, மேலூர் பக்கத்திலிருந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மைதா, அஜினமோட்டோ, டால்டா, கேசரி பவுடர், மயோனைஸ் என்று வரிசையாகச் சொல்லி, "இதையெல்லாம் அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன டாக்டர்?" என்று கேட்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில், சில வரிகள். கணவருக்கு 51 வயது. போன மாதம் அழகர்மலையில் ராக்காயி அம்மன் கோயிலுக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிட்டார். சோடா குடித்த பிறகு "வாயு போயிருச்சு" என்றார். அவருடைய அண்ணன் இதே வயதில்தான் தூக்கத்திலேயே போனார்.

நான் பதில் எழுதுவது அந்தச் சில வரிகளுக்குத்தான்.

அதை வாயு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயிற்று உப்புசம் வயிறுமுட்டச் சாப்பிட்டால் வரும், ஏப்பம் விட்டால் குறையும். மேடு ஏறினால் வந்து, உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போகிற நெஞ்சு அழுத்தம் வேறு சங்கதி. ஏறும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். ரத்தக் குழாய்க்குள் கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தால் அது வந்து சேராது, அப்போது நெஞ்சு இறுகும். அன்றைக்கு அவருக்கு வலியை நிறுத்தியது சோடா இல்லை, உட்கார்ந்ததுதான். இந்த ஊரில் "வாயுப்பிடிப்பு" என்று பெருங்காயமும் ஓமத் தண்ணீரும் கொடுத்து விடியும்வரை காத்திருந்து, அப்புறம் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நாளைக்கே அவரைக் கூட்டிப் போங்கள். ஈசிஜி நார்மல் என்று வந்தால் சந்தோஷமாகத் திரும்பிவிடாதீர்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் இந்த அடைப்பு தெரியாமலே போகலாம். "ஏறும்போது வருகிறது, உட்கார்ந்தால் போகிறது, அண்ணனுக்கு இப்படி ஆனது" என்று மூன்றையும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், உங்கள் கணவர் சொல்ல மாட்டார். எக்கோ, டிரெட்மில் எல்லாம் தேவைப்பட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதற்கு நடுவில், உட்கார்ந்த பிறகும் வலி நிற்கவில்லை, அல்லது வியர்த்துக் கொட்டுகிறது, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் உடனே 108. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகிற வேலை வேண்டாம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளையாக 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அதைக் கேள்விப்பட்டு அதே மாத்திரைகளை நீங்களாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அல்சர் இருப்பவருக்கு அது ரத்த வாந்தியில் கொண்டுபோய் விடும்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் காய்ச்சி "அடைப்பு நீக்கி" என்று தினமும் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததுதானே? பூண்டு ரசத்துக்கு நல்லது. குழாயில் படிந்து கெட்டியான கொழுப்பை அது கரைத்துக்கொண்டு போகாது. கஷாயம் குடிக்கிறோமே என்ற தைரியத்தில் ஒரு மாதம் ஓடிப்போயிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம்.

சரி, தடைக்கு வருவோம். உணவில் இருக்கவே வேண்டாத பொருளுக்குத் தடை நன்றாக வேலை செய்யும். துணிச்சாயமான ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு தடை செய்தது. மாவில் சேர்த்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-லேயே நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் இங்கே ஓராண்டுத் தடை போட்டார்கள், அது சால்மொனெல்லா கிருமிக்காக. உங்கள் பட்டியலில் இதயத்துக்கு நேரடி எதிரி டால்டா என்று நாம் சொல்லும் வனஸ்பதிதான். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதையும் இறக்கிவிடும். டென்மார்க் 2003-லேயே அதைக் கட்டுப்படுத்தியது. இங்கே 2011-ல் 10 சதவீதம் என்று ஆரம்பித்து, 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஆக்கியிருக்கிறார்கள். இந்த விதி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், உங்கள் கணவரிடம் அனுமதி கேட்காமலேயே அவருக்கு நல்லது செய்கிறது. அவருக்குத் தெரியாமல் தட்டில் விழுந்ததை ஆலையிலேயே பிடித்துக் குறைத்தாயிற்று.

உப்பை என்ன செய்வது? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சால்னா என்று நம் தட்டில் அது மதியத்துக்குள்ளேயே முடிந்துவிடும். உப்பைத் தடை செய்கிறேன் என்று எந்த அரசாவது மதுரைக்குள் வர முடியுமா? கேரளம் 2016-ல் பர்கர், பீட்சா மேல் 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது. அடுத்த வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அது போயிற்று. திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய்க்கும் 2018-லிருந்து ஒரு வரம்பு இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டாக் கடை வாணலியில் அதை அளந்து பார்க்க ஆள் எங்கே? எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் நீங்களே எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. அஜினமோட்டோ அளவோடு இருந்தால் ஒன்றும் செய்யாது, அதிலும் சோடியம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மைதாவில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கும் ரசாயனம் இருக்கிறது என்ற வீடியோவை மறந்துவிடுங்கள். மைதாவின் குறை நார்ச்சத்து மிகக் குறைவாக இருப்பதும், ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதும்தான். அதற்கு நாலு பரோட்டாவை ஒன்றாக்கினாலே பெரிய விஷயம்.

அவரைத் திருத்த உங்களால் முடியாமல்தான் அரசாங்கத்தைக் கூப்பிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பரோட்டாச் சண்டையை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். இப்போது சண்டை போட்டால் ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டார். ரிப்போர்ட் வரும்வரை மலையேற்றம் வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம், பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. போகும்போது பழைய சீட்டுகளையும், அவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் வாயு மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.