அலையே இல்லாத கரை கைட் சர்ஃபிங் கற்க ஏற்றதா?

கேள்வி: ஜூனில் மனைவியுடன் ராமேஸ்வரம் போகிறேன். பெரிய பட்டம் (கைட்) இழுக்க, பலகையில் (போர்டு) நின்று தண்ணீரில் சறுக்கும் கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆசை. தீவின் வடக்குக் கரையில், பாக் விரிகுடாப் பக்கம் அலையே கிடையாது, குளம் மாதிரி இருக்கும், புதியவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு என்கிறார் ஒரு டிராவல் ஏஜெண்ட். மூன்று நாள் பேக்கேஜ். செயலியில் காற்று 18 என்று காட்டுகிறது. முன்பணம் கட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் ஏஜெண்டிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஜூனில் அந்தக் கரையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?

அவருக்குத் தெரியாவிட்டால் நானே சொல்கிறேன். அந்த மாதம் பாம்பன் தீவில் வீசுவது தென்மேற்குக் காற்று. வடக்குக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் அது உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து கடலுக்குள் போகும். அலை எழும்ப வேண்டுமானால் காற்று தண்ணீர்மேல் வெகுதூரம் ஓட வேண்டும். நிலத்திலிருந்து வரும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்தத் தூரம் கிடைப்பதில்லை. அதனால்தான் அங்கே குளம் மாதிரி இருக்கிறது. ஏஜெண்ட் பாதுகாப்பு என்று காட்டுவதும், உங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போகக்கூடியதும் ஒரே காற்றுதான். கைட் தண்ணீரில் விழுந்து திரும்ப எழும்பாவிட்டால், அல்லது போர்டு கை நழுவிப் போனால், நீங்கள் நகரும் திசை வடகிழக்கு. அந்தப் பக்கம் கச்சத்தீவு இருக்கிறது, எல்லைக்கோடும் இருக்கிறது. அங்கே மீனவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கரையில் நிற்கும்போது காற்று லேசாகத்தான் தெரியும். பின்னால் இருக்கும் பனையும் சவுக்கும் அதை மறைக்கின்றன. மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரைக்குமாவது காற்று உடைந்து, சுழன்று, விட்டுவிட்டு அடிக்கும். அதைத் தாண்டினால் முழு வேகம். கைட்டோ இருபது மீட்டருக்கும் மேல் நீளமான கயிற்றில் மேலே பறக்கிறது. புதியவர் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம் அந்த 18. அது ‘நாட்’ (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கா, கிலோமீட்டர் கணக்கா என்று பாருங்கள். 18 நாட் என்றால் மணிக்கு 33 கிலோமீட்டர், கற்க நல்ல காற்று. மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் பத்து ‘நாட்’ வேகம்கூட இல்லை, கைட்டைத் தூக்கவே திணறும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் வையுங்கள். செயலி தருவது பல கிலோமீட்டர் பரப்புக்கான கணக்கு. அதற்கு உங்கள் கரையின் சவுக்குத் தோப்பு தெரியாது.

பேக்கேஜ் விற்பவர்களைப் பற்றி நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அறை, கார், கோயில் தரிசனம், நடுவில் கைட். காற்று இல்லாத நாளுக்கும் பணம், திரும்பத் தரமாட்டார்கள். ‘மூன்றே நாளில் கற்றுத் தருகிறோம்’ என்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் பேச்சு மாறும். சுமார் பத்து மணி நேரமாவது பயிற்சி இல்லாமல் அடிப்படைகூடப் பிடிபடாது. இன்னொரு கூட்டம் கடைசி நாளில் ‘சாருக்காக’ என்று பழைய கைட் ஒன்றைத் தள்ளிவிடும். வெயிலில் இற்ற துணி, கைட்டுக்குள் காற்றடைக்கும் பிளாடரில் கசிவு, ஒன்றுக்கொன்று நீளம் மாறிப்போன கயிறுகள். வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏஜெண்டை விட்டுவிட்டு நேரே பயிற்சிப் பள்ளியிடம் பேசுங்கள். ஐ.கே.ஓ. (சர்வதேச கைட் போர்டிங் அமைப்பு) சான்று நடப்பில் உள்ள பயிற்சியாளர் யார், மீட்புப் படகு எங்கே நிற்கும், காற்று மாறினால் எந்தக் கரைக்கு அழைத்துப்போவீர்கள் என்று கேளுங்கள். காற்று கரைக்குப் பக்கவாட்டாக, கொஞ்சம் கரையை நோக்கிச் சாய்ந்து வரும் இடம்தான் புதியவருக்கு நல்லது. நல்ல பள்ளி பருவத்தைப் பார்த்து இடத்தை மாற்றும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் இதே வடக்குக் கரையில் காற்று கரைப்பக்கம் வரும், அப்போது கணக்கே வேறு.

நிலத்திலிருந்து அடிக்கும் காற்று எப்போதுமே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. முழுவதும் அடைபட்ட, ஆழமற்ற காயல். இலங்கையில் கல்பிட்டிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒடுக்கமான மணல் திட்டு. அது அலையைத் தடுக்கும், தாழ்வாக இருப்பதால் காற்றைத் தடுக்காது. காற்று தள்ளும் திசையில் எதிர்க்கரை இருக்க வேண்டும், அது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும், அதுவரை இடுப்பளவுத் தண்ணீர் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால், விழுந்தாலும் நடந்து கரையேறலாம். ஒன்று குறைந்தாலும் அது காயல் கணக்கில் சேராது. ‘எதிர்க்கரை இருக்கு சார், ஆனா நடுவுல கொஞ்சம் ஆழம்’ என்றால், மன்னிக்கவும், அது கடல்தான். ‘ஆழமில்லை, ஆனால் ஒரு பக்கம் முகத்துவாரம்’ என்றாலும் அப்படியே. வற்றும் நேரத்தில் அந்த வழியாகத் தண்ணீரே உங்களை வெளியே கொண்டுபோகும்.

இதையெல்லாம் ஒரு வாசகர் கடிதம் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு எரிச்சல். கரையில் ஒரு கம்பு, அதில் காற்றின் திசை காட்டும் ஒரு துணிப்பை, கீழே நாலு வரி. அவ்வளவுதான் செலவு. கேட்டால் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டும். அலை உயரத்தை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் சொல்கிறது, பலத்த காற்றுக்கு வானிலைத் துறை மீனவர்களை எச்சரிக்கிறது. இரண்டும் பெரும்பாலும் படகை மனதில் வைத்துச் சொல்வது. காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் அடிக்கும் நாளில் கைட்டோடு இறங்காதே என்று யாரும் சொல்வதில்லை.

போவதானால் உடலோடு ஒட்டிய மிதவைச் சட்டை போடுங்கள். கைட்டை உடனே கழற்றிவிடும் ரிலீஸை முதல் நாளே கரையில் நின்று பத்து முறை இழுத்துப் பழகுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது அது உங்கள் மனைவியின் போனில் இருக்கட்டும்.