பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொல்லலாமா? நிகாஹ், சம்மதம், பெற்றோர்: கேள்வி பதில்

அனைவருக்கும் ஸலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மத்ஹபுகள் (ஷாஃபி, ஹனஃபி போன்ற மார்க்கச் சட்டப் பள்ளிகள்) வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும் என்பதால், முடிவெடுக்கும் முன் மார்க்கம் கற்ற, நம்பிக்கையான ஓர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ நேரில் பேசிவிடுங்கள்.

லாத்தா (அக்கா), கூடப் படித்த ஒருவரைப் பிடித்திருக்கிறது. தொழுகையாளி, குணமும் நல்லது. எல்லை மீறி எதுவும் பேசியதில்லை. ஆனாலும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ஒருவரைப் பிடிப்பதே பாவமா?

இல்லைம்மா. மனதில் தானாக வரும் விருப்பத்துக்கு யாரும் குற்றவாளி ஆவதில்லை. அந்த விருப்பத்தை எந்த வழியில் கொண்டுபோகிறோம் என்பதைத்தான் மார்க்கம் பார்க்கிறது. கதீஜா நாயகி அவர்கள் முஹம்மது நபியின் நேர்மையைப் பார்த்து விரும்பினார்கள். தோழி நஃபீஸாவை அனுப்பி நபியின் மனதை அறிந்துகொண்டார்கள். பிற்காலத்தில் ஒரு பெண் தன்னை மணந்துகொள்ளும்படி நபியிடம் நேரிலேயே கேட்டார். நபித்தோழர் அனஸ் (ரலி) இதைச் சொன்னபோது, "என்ன வெட்கம் கெட்ட பெண்!" என்றார் அவர் மகள். அந்தப் பெண் உன்னைவிட மேலானவள் என்று அனஸ் திருத்தினார். புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது இது.

அதனால் குற்ற உணர்ச்சியைத் தள்ளி வையுங்கள். உம்மாவிடமோ, வீட்டில் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் மாமி, அண்ணன் யாரிடமோ சொல்லுங்கள். அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வரட்டும். வருடக்கணக்கில் ரகசியமாகப் பேசிக்கொண்டு, வேறு சம்பந்தம் வந்த பிறகு அவசரமாகச் சொல்வதுதான் பல வீடுகளில் புயலைக் கிளப்புகிறது.

அத்தா என்னைக் கேட்காமலே மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்குத் துளியும் விருப்பமில்லை. "பேசாமல் இருந்தால் சம்மதம்தான்" என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் பெற்றோருக்கு மாறு செய்த பாவம் வருமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது மனம் கனத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்காமல் மணமுடித்து வைக்கக் கூடாது என்பது நபிமொழி. அவள் வெட்கப்படுவாளே, அனுமதியை எப்படி அறிவது என்று கேட்டபோதுதான் அவள் மௌனமே அனுமதி என்றார்கள். அதாவது, முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டும். கேட்கவே இல்லாத இடத்தில் மௌனத்தைச் சம்மதமாக எடுப்பதற்கு எதுவுமே இல்லை. அழுகையோடும் பயத்தோடும் வாயடைத்து நிற்பதையும் இதில் சேர்க்க முடியாது.

கன்ஸா பின்த் கிதாம் என்ற அன்சாரிப் பெண்ணை அவர் தந்தை விருப்பமில்லாமல் மணமுடித்து வைத்தார். கன்ஸா அதற்கு முன்பே ஒரு முறை மணமாகியிருந்தவர். நபியிடம் முறையிட்டார், அந்தத் திருமணம் ரத்தானது. இன்னொரு இளம் பெண், தந்தை தன் அந்தஸ்தை உயர்த்திக்கொள்ள அவருடைய சகோதரர் மகனுக்குத் தன்னைக் கொடுத்துவிட்டார் என்று வந்து சொன்னார். முடிவு உன் கையில் என்றார்கள் நபி. அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? தந்தை செய்ததை ஏற்றுக்கொள்கிறேன், இந்த விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரமில்லை என்று பெண்கள் அறிய வேண்டும் என்றுதான் கேட்டேன் என்றார். எனக்கு மிகவும் பிடித்த ஹதீஸ் இது.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். ஷாஃபி மத்ஹபின் பழைய நூல்களில், சில நிபந்தனைகளோடு கன்னி மகளைத் தந்தை அவள் அனுமதி இல்லாமலும் மணமுடித்து வைக்கலாம் என்ற கருத்து உண்டு. அங்கும் அவளைக் கேட்பது விரும்பத்தக்கது என்றே சொல்லப்படுகிறது. ஹனஃபியில் வயது வந்த பெண்ணை வற்புறுத்த முடியாது. வீட்டில் யாராவது நூலைக் காட்டிப் பேசினால், மேலே சொன்ன ஹதீஸ்களையும் சேர்த்து வைத்துப் பேசும் ஓர் ஆலிமை அழைத்து வாருங்கள்.

மரியாதையோடு மறுப்பது மாறு செய்வது ஆகாது. "அத்தா, உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த நிகாஹுக்கு என் சம்மதம் இல்லை" என்று தெளிவாக, சாட்சியாக இன்னொரு பெரியவர் இருக்கும்போது சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். பத்திரிகை அடித்த பிறகு சொல்வதைவிட இன்றைக்குச் சொல்வது எல்லோருக்கும் நல்லது. வீட்டில் அடி, மிரட்டல், அறையில் பூட்டி வைப்பது என்று போனால் பொறுமை காக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள், சட்ட உதவி கேளுங்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நண்பர்களைச் சாட்சியாக வைத்து நாங்களே நிகாஹ் செய்துகொள்ளலாமா?

ஷாஃபி, மாலிகி, ஹன்பலி மூன்றிலும் வலீ (பெண்ணின் பொறுப்பாளர், பெரும்பாலும் தந்தை) இல்லாத நிகாஹ் செல்லாது. ஹனஃபியில் வயது வந்த பெண் தானே செய்துகொள்ளலாம். ஆனால் மாப்பிள்ளை அவளுக்குப் பொருத்தமில்லாதவர் என்றால் வலீ ஆட்சேபிக்கலாம். "நான் ஹனஃபி ஆகிவிடுகிறேன்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அவசரத்துக்காக மத்ஹப் மாற வேண்டாம்மா.

நியாயமான வழி ஒன்று உண்டு. பொருத்தமான ஒருவரை நீங்கள் விரும்பியும், தகுந்த காரணம் இல்லாமல் தந்தை மறுத்துக்கொண்டே இருந்தால், காஜியிடம் (இஸ்லாமிய நீதிபதியிடம்) முறையிடலாம். வலீயின் பொறுப்பு அவருக்குப் போகும். அந்தப் படிக்கு முன்னால் மாமா, சித்தப்பா, இமாம் என்று அத்தா மதிக்கும் ஒருவரை வைத்துப் பேசிப் பாருங்கள். பல தந்தையருக்குப் பிரச்சினை மாப்பிள்ளை இல்லை, விஷயம் தனக்குக் கடைசியாகத் தெரிந்தது என்பதுதான்.

ரகசிய நிகாஹில் நஷ்டப்படுவது பெரும்பாலும் பெண். அவர் நாளைக்கு நிகாஹே நடக்கவில்லை என்று சொன்னால், மஹருக்கும் (மணமகன் பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) செலவுக்கும் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

இஸ்திகாரா (நல்ல முடிவைக் காட்டும்படி இறைவனிடம் கேட்கும் தொழுகை) தொழுதேன், கனவு எதுவும் வரவில்லை.

கனவு தேவையில்லை. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இரண்டு ரக்அத் தொழுகையும் துஆவும் (பிரார்த்தனையும்) தான் இருக்கின்றன. தொழுங்கள், விசாரியுங்கள், ஆலோசனை கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

மாப்பிள்ளையைப் பற்றி அவர் வேலை செய்யும் இடத்தில் விசாரித்தால் புறம் பேசுவது ஆகாதா?

ஆகாது. ஃபாத்திமா பின்த் கைஸ் என்ற நபித்தோழி தனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களைப் பற்றி நபியிடம் யோசனை கேட்டார். முஆவியாவிடம் பணம் இல்லை, அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். கம்பு என்றது பெண்களை அடிப்பவர் என்பதற்காக என்று விளக்கம் உண்டு. கோபம், கடன், போதை, முன்பு செய்த நிகாஹ் எல்லாவற்றையும் விசாரியுங்கள். விசாரிக்கப்படுபவரும் பூசி மெழுகாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நிச்சயம் ஆகிவிட்டது. போனில் தினமும் பேசலாமா?

நிச்சயம் என்பது வாக்குறுதிதான். நிகாஹ் ஆகும்வரை அவர் அந்நியர். தேவையானதை வீட்டாருக்குத் தெரிந்து பேசுங்கள். படிப்பு, வேலை, எங்கே குடியிருப்பது ஆகியவற்றை இப்போதே கேட்டு எழுதி வைப்பது, இரவெல்லாம் கொஞ்சுவதைவிடப் பயன் தரும்.

ஒருவர் என்னை உயிராக விரும்புகிறார். எனக்கு அப்படி எதுவும் இல்லை. மறுத்தால் அழுகிறார். அவர் மனதை உடைத்த பாவம் எனக்கு வருமா?

வராது. அடிமைப் பெண்ணாக இருந்த பரீரா விடுதலையானதும் கணவர் முகீஸைப் பிரிந்தார். அவர் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாத் தெருக்களில் பின்னாலேயே போனார். இரக்கப்பட்ட நபி, திரும்பிப் போகக் கூடாதா என்று கேட்டார்கள். இது கட்டளையா என்றார் பரீரா. இல்லை, பரிந்துரைதான் என்றதும், அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். நபியின் பரிந்துரையையே ஒரு பெண் மறுக்க முடிந்தது. அதற்காக யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டுப் பதில் போடுவதை நிறுத்துங்கள். செத்துவிடுவேன் என்று மிரட்டினால் அவர் வீட்டாருக்கும் உங்கள் வீட்டாருக்கும் உடனே தெரிவியுங்கள்.

நான் ஒரு தந்தை. மகள் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்கிறாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாளே, அதுவே பெரிய நம்பிக்கை பாய். நபித்தோழர் மஅகில் பின் யஸாரின் தங்கையைத் தலாக் (விவாகரத்து) சொன்ன கணவர், இத்தா (காத்திருப்புக் காலம்) முடிந்து மறுபடி பெண் கேட்டபோது மஅகில் கோபத்தில் மறுத்தார். தங்கைக்கோ அவரிடம் திரும்ப விருப்பம். பெண்களைத் தடுக்காதீர்கள் என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனம் இறங்கியதும் கோபத்தை விட்டுக் கொடுத்தார். நீங்களும் அந்தப் பையனை நேரில் பாருங்கள், அவன் குடும்பத்தை விசாரியுங்கள். குறை தெரிந்தால் மகளிடம் ஆதாரத்தோடு சொல்லுங்கள். குறை இல்லாமல், நீங்கள் தேடியவன் இல்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால், மஹர் பேச நாள் குறியுங்கள்.