வெறும் செல்லும் ஏன் ஒளிர்கிறது?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஈ.கோலை பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒரு நானோபாடியை (ஆன்டிபாடியின் பிடிக்கும் பகுதி மட்டுமான சிறு புரதம்) டிஸ்ப்ளே செய்கிறேன், அதாவது வெளியே நிற்க வைக்கிறேன். அது பிடிக்க வேண்டிய ஆன்டிஜெனை, பயோட்டின் (ஒரு வைட்டமின்) ஏற்றிச் சேர்த்து, பிறகு பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தைப் பச்சைச் சாயம் ஒட்டி ஊற்றி, செல் செல்லாக ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுகிறேன். நானோபாடி உள்ள செல் ஒளிர்கிறது, சரி. நானோபாடி ஜீன் இல்லாத வெறும் பிளாஸ்மிட் (வட்ட டி.என்.ஏ.) போட்ட செல்லும் கிட்டத்தட்ட அதே அளவு ஒளிர்கிறதே?

பதில்: வெறும் பிளாஸ்மிட்டையும் ஓட்டிப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் அதை ஓட்டாமலேயே 'பைண்டிங் வந்துவிட்டது' என்று ஸ்லைடு போட்டுவிடுவார்கள்.

என் சந்தேகம் செத்த செல்கள்மேல்தான். ஈ.கோலைக்குள் பயோட்டின் ஏறிய புரதம் ஒன்று இயல்பாகவே இருக்கிறது, கொழுப்பு அமிலம் தயாரிக்க உதவுவது. செல் முழுசாக இருக்கும்வரை ஸ்ட்ரெப்டாவிடினால் அதைத் தொட முடியாது. சவ்வு கிழிந்துவிட்டாலோ நேரே உள்ளே போய் அதில் பிடித்துக்கொள்ளும், உங்கள் ஆன்டிஜென் அந்தப் பக்கமே வந்திருக்காது. ஆன்டிஜென் சேர்க்காமல் ஸ்ட்ரெப்டாவிடின் மட்டும் போட்டு ஒரு குழாய் ஓட்டுங்கள். அப்போதும் பச்சை வந்தால் திருடன் அகப்பட்டான். சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் ப்ரொபிடியம் அயோடைடு சாயம் சேர்த்து, சிவப்பாகும் செல்களை கேட்டிங்கில் (எந்தச் செல்களைக் கணக்கில் எடுப்பது என்று தேர்வதில்) கழித்துவிடுங்கள். இன்னும் நல்ல வழி, ஆன்டிஜென்மேலேயே நேரடியாகச் சாயத்தை ஏற்றிவிடுவது.

ஏன் இத்தனை செல் சாகிறது என்றால், பெரும்பாலும் நம் அவசரம்தான். 37 டிகிரியில் 1 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி. (புரத உற்பத்தியைத் தூண்டும் பொருள்) கொடுத்தால் வெளிச்சவ்வுக்குப் போகும் வழியில் புரதம் நெரிசலாகி, செல்லே தள்ளாடும். 30 டிகிரி, 0.05 மில்லிமோலார் என்று இறக்கிப் பாருங்கள். கழுவும்போதும் கவனம்: குழாயின் அடியில் மங்கலாக ஒரு பொட்டுபோல ஒட்டியிருக்கும் பெல்லட்டை வோர்டெக்ஸில் போட்டு உலுக்காமல், ஐஸில் வைத்த பி.பி.எஸ். உப்புக் கரைசலில் 1% பி.எஸ்.ஏ. புரதம் கலந்து, பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்கிக் கரையுங்கள்.

அப்புறம், நானோபாடி வெளியேதான் நிற்கிறதா? வெளிமுனையில் ஒரு மிக் டேக் (அடையாளத்துக்காக ஒட்டும் சிறு புரதத் துண்டு) வைத்தால் அதற்கான ஆன்டிபாடி சொல்லிவிடும். முழு செல்லுக்குள் ஆன்டிபாடி நுழையாது என்பதால், டேக் ஒளிர்ந்தால் புரதம் வெளியே வந்துவிட்டது. டேக் தெரிந்தும் ஆன்டிஜென் ஒட்டவில்லை என்றால் மடிப்பில் கோளாறு இருக்கலாம். இதெல்லாம் சரியான பிறகே கே.டி. (எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்ற அளவு) கணக்கு, அதற்கு முன் வரையும் வளைவு வீண்.

கேள்வி: ஃபேஜின் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) மேல் புரதத்தை நிறுத்தும் ஃபேஜ் டிஸ்ப்ளேவுக்குத்தானே நோபல் கிடைத்தது? பாக்டீரியாவோடு ஏன் மல்லுக்கட்டுகிறார்கள்?

பதில்: ஆமாம், 1985-இல் ஜார்ஜ் ஸ்மித் காட்டியது, 2018-இல் வேதியியல் நோபலில் அவருக்கும் பங்கு. ஆனால் ஃபேஜ் மிகச் சின்னது, வழக்கமான சைட்டோமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது கஷ்டம். ஈ.கோலை சுமார் 2 மைக்ரான் நீளம், ஒரே செல்லின்மேல் ஆயிரக்கணக்கில் பிரதிகள் நிற்கும், எது எவ்வளவு ஒட்டியது என்று செல் செல்லாக அளந்து, பிடித்ததை மட்டும் பிரித்து மறுபடி வளர்க்கலாம். ஈஸ்ட்டிலும் இது முடியும், 1997 முதல் செய்கிறார்கள், ஆனால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், ஈஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.