கிளட்ச்சுக்குப் போட்ட பித்தளைத் துண்டை பிரேக்குக்கும் போடலாமா?

வாசகரின் கேள்வி: தினமும் போக வர 40 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் நடுவழியில் கிளட்ச் கேபிள் கைப்பிடிப் பக்கம் அறுந்துவிட்டது. கூட வந்த நண்பர், மின்கம்பிகளை இணைக்கும் கனெக்டருக்குள் இருக்கும் பித்தளைத் துண்டை எடுத்து, கம்பி நுனியில் கோத்து ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்தார். இன்றுவரை ஓடுகிறது. இப்போது என் மனைவியின் ஸ்கூட்டரில் முன் பிரேக் கேபிளில் இரண்டு இழைகள் பிரிந்து நிற்கின்றன. அது அறுந்தால் இதே மாதிரி சமாளிக்கலாமா? அவசரத்துக்கு வண்டியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் ஸ்கூட்டர். கேபிள் மாற்றும்வரை அதை யாரும் எடுக்க வேண்டாம். பக்கத்துத் தெரு வரைக்கும்கூட வேண்டாம். மோட்டார் சைக்கிளிலும் அந்தப் பித்தளைத் துண்டின் வேலை மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்க அது போதும், அதற்குமேல் அதை நம்பக் கூடாது.

உங்கள் நண்பரைக் குறை சொல்லவில்லை. அவர் செய்தது நல்ல கைவேலை, நானும் பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் கிளட்ச்சில் பலித்தது பிரேக்கிலும் பலிக்கும் என்று நினைப்பதுதான் ஆபத்து. வழியில் எதைக் கட்டி ஒட்டிச் சரிசெய்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது ஓடும்போது விட்டுப்போனால் வண்டி என்ன செய்யும்? கிளட்ச் கேபிள் அறுந்தால் வண்டி கியரிலேயே நிற்கும். ஆக்சிலேட்டரை மூடலாம், பிரேக் பிடிக்கலாம், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அமுக்கலாம். ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் தானாக மூடிக்கொள்ளும், இன்ஜின் ஐட்லிங்குக்கு இறங்கிவிடும். பிரேக் கேபிள் அறுவது எப்போது தெரியுமா? நீங்கள் அதை முழுப் பலத்தோடு பிடிக்கும்போது. அதாவது குறுக்கே யாரோ வந்துவிட்ட அந்த நொடியில். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும்.

பித்தளைத் துண்டு ஏன் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லீவரின் அச்சுக்கும், கேபிள் நுனியில் இருக்கும் உலோகக் குண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். உங்கள் விரல் பிடிக்கும் இடமோ அச்சிலிருந்து 12 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே விரல் கொடுக்கும் பலம் கேபிளில் நாலைந்து மடங்காகிறது. பதறிப்போய் 20 கிலோ அழுத்தத்தில் பிடித்தால் கேபிளின் மேல் 80, 100 கிலோ இழுப்பு விழும். கம்பெனி கேபிளில் இழைகளை விரித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, குண்டும் கம்பியும் ஒரே துண்டாகும்படி செய்திருப்பார்கள். உங்கள் பித்தளைத் துண்டோ வெறும் ஸ்க்ரூவின் பிடியில் நிற்கிறது. லேசாக இறுக்கினால் வழுக்கும். பலமாக இறுக்கினால் ஸ்க்ரூவின் நுனியே இழைகளை நசுக்கி வெட்டும். இரண்டுக்கும் நடுவில் அது எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

“இரண்டு இழைதானே, மீதி இருக்கிறதே” என்றும் நினைக்காதீர்கள். பல மெல்லிய இழைகளை முறுக்கித்தான் கேபிள் செய்கிறார்கள். ஒன்று அறுந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும். முதல் இழை அறுவதற்குத்தான் நாளாகும், பிறகு மளமளவென்று போகும். வெளியே இரண்டு தெரிகிறது என்றால் உறைக்குள்ளே எத்தனை போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கூட்டரில் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கியர் வண்டியில் பிரேக் குறைந்தால்கூட கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தை மட்டுப்படுத்தலாம். கியரில்லாத ஸ்கூட்டரில் வேகம் ஓரளவு குறைந்ததும் உள்ளிருக்கும் கிளட்ச் தானாக விடுபட்டு, வண்டி சும்மா உருள ஆரம்பித்துவிடும். அங்கே பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. இடது லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் வகை ஸ்கூட்டராக இருந்தால், அந்த இணைப்புக் கேபிளையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு வருகிறேன். கேபிள் ஏன் அங்கே அறுந்தது? பெரும்பாலும் அறுவது குண்டும் கம்பியும் சேரும் அந்தக் கழுத்தில்தான். லீவரைப் பிடிக்கும்போது குண்டு தன் குழிக்குள் லேசாகச் சுழல வேண்டும். குழி காய்ந்து, தூசி ஏறி இறுகினால் குண்டு அசையாமல் நின்றுவிடும். அப்போது ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பிதான் வளைந்து நிமிர்கிறது. நெரிசலில் 40 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரே நாளில் சில நூறு தடவை கிளட்ச் பிடிப்போம். மெல்லிய கம்பியை விரலில் வைத்து முன்னும் பின்னும் வளைத்தால் என்ன ஆகுமோ அதுவேதான் அங்கே நடக்கிறது. அந்தக் குழியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பட்டாணி அளவு கிரீஸ் வைத்தாலே கேபிளின் ஆயுள் கூடிவிடும். புதுக் கேபிள் மாட்டும்போது மெக்கானிக் இதை மறந்தால் நீங்கள் நினைவுபடுத்துங்கள். லீவரின் அச்சு போல்ட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

கேபிள் சொல்லாமல் அறுவதும் இல்லை. கிளட்ச் கனமாகும். பிடிக்கும்போது மணல் நெரிவது போல இருக்கும். போன வாரம்தான் அட்ஜஸ்ட் செய்தோம், மறுபடியும் லூஸாகிவிட்டதே என்று தோன்றும். இழைகள் ஒவ்வொன்றாகப் போகப் போக கேபிள் நீள்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். அடிக்கடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டிவந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு கேபிளை மாற்றுங்கள்.

மாட்டியபின் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், அதன் பிறகே இழுப்பு தெரிய வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். அந்த ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். அதிகம் விட்டால் முழுதாக விடுபடாமல் கியர் விழ அடம்பிடிக்கும். ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது அந்த ஆட்டம் மாறினால் கேபிளைக் கொண்டுபோன வழி தப்பு, எங்கோ இழுபடுகிறது. பழைய கேபிளை அவிழ்ப்பதற்கு முன் அது எந்தக் கிளிப்புக்குள் புகுந்து போகிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காது.

மறுபடி வழியில் அறுந்தால் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால், பித்தளைத் துண்டைத் தேடுவதைவிட கிளட்ச் இல்லாமல் ஓட்டத் தெரிந்துகொள்வது மேல். மோட்டார் சைக்கிளின் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும், பக்கவாட்டுப் பற்கள்தான் மாறி மாறிப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பற்களின் மேல் சுமை இல்லாத ஒரு கணத்தில் கியர் தானாக நழுவி விழும். மேல் கியருக்குப் போக, கால் நுனியால் கியர் லீவரில் மெல்ல அழுத்தம் கொடுத்தபடி ஆக்சிலேட்டரை ஒரு கணம் மூடுங்கள். ‘டக்’ என்று மாறிவிடும். கீழ் கியருக்கு வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கி அதே கணத்தில் மாற்றுங்கள்.

கிளம்புவதுதான் சிரமம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, உட்கார்ந்தபடியே காலால் உந்தி, நடை வேகம் வந்ததும் முதல் கியரைப் போடுங்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். இறக்கமாக இருந்தால் சுலபம். முதல் கியரில் வைத்தே செல்ஃப் போட்டால் மோட்டாரின் இழுப்பிலேயே வண்டி நகர்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சில வண்டிகளில் லீவரைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். கேபிள் அறுந்திருந்தாலும் லீவரைப் பிடியுங்கள், அங்கிருக்கும் சுவிட்சுக்கு அது போதும். நியூட்ரலில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இந்த வழி நடக்காது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் இது பாரம் என்பதால் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். நிற்பதற்கு முன்பே இரண்டாம் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வந்துவிடப் பழகுங்கள், முடியாவிட்டால் கில் சுவிட்ச். நெரிசல் குறைந்த பாதையில், பின்னால் யாரையும் ஏற்றாமல் வருவதற்கு மட்டுமே இது. முன்பே ஒருநாள் ஆளில்லாத இடத்தில் நான்கைந்து முறை பழகிப் பாருங்கள்.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று உண்டு. நெடுந்தூரம் போகிறவர்கள் புதுக் கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளின் கூடவே, அதே வழியில் கொண்டுபோய் ஆங்காங்கே கட்டிவைத்துவிடுவார்கள். இரண்டு நுனியையும் பாலிதீனால் சுற்றி மூடிவிட வேண்டும். அறுந்த அன்று டேங்கைக் கழற்ற வேண்டாம், எங்கும் நுழைக்க வேண்டாம், இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் பத்து நிமிட வேலை. தினம் 40 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

இதோடு உங்கள் வண்டியின் கேபிள் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், பிளக் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கேபிள் டை போதும். பழைய டியூபிலிருந்து விரலகலத்தில் நீளமாக வெட்டிய ரப்பர் பட்டைகள் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். இழுத்துச் சுற்றினால் கயிற்றைவிட நன்றாகக் கவ்வும். சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங் தெறித்துப்போனால், ஸ்டாண்டைத் தூக்கிக் கட்டி வீடு வர அதைப் போல உதவுவது வேறில்லை. தொங்கும் ஸ்டாண்டோடு இடப்பக்கம் வளைந்தால் அது தரையில் குத்தி வண்டியையே புரட்டிவிடும்.

ஃபியூஸ் இரண்டு வைத்திருங்கள், பழையதில் எழுதியிருக்கும் அதே ஆம்பியரில். ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளோ வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எங்கோ ஷார்ட் ஆகிறது, அல்லது அளவுக்கு மீறி மின்சாரம் பாய்கிறது என்பதால்தான் பெரும்பாலும் ஃபியூஸ் போகிறது. அதைப் போகவிடாமல் செய்தால் அடுத்து உருகுவது பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடும் ஒயர்தான்.

ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால், கார்புரேட்டர் உள்ள கியர் வண்டியில் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவைத்து முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து வரலாம். கியரில்லாத ஸ்கூட்டரில் இதைச் செய்யாதீர்கள். ஐட்லிங் ஏறினால் கிளட்ச் தானாகப் பிடித்து, நிற்கும் வண்டி கிளம்பிவிடும். செயினின் இணைப்பைப் பூட்டி வைத்திருக்கும் லாக் கிளிப் விழுந்துவிட்டால் கம்பி சுற்றி ஓட்டும் வேலையும் வேண்டாம். கழன்ற செயின் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். ஒரு கிளிப் கைவசம் இருக்கட்டும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்தபடி மாட்ட வேண்டும்.

கடைசியாக, ஸ்கூட்டரைக் கொண்டுபோகும்போது இரண்டு விஷயம். கேபிளோடு பிரேக் ஷூவையும் பார்க்கச் சொல்லுங்கள். டிரம்மின் வெளியே பிரேக் ஆர்ம் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருந்தால், பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அது தேய்மானக் கோட்டைத் தொடுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். தொட்டால் ஷூ முடிந்தது. அப்போது சிலர் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியோ, ஷூவுக்கு அடியில் தகரம் வைத்தோ “இன்னும் ஆறு மாதம் ஓடும்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் பிரேக் பிடித்தது பிடித்தபடி நின்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் விடாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே சரி.

புதுக் கேபிளும் ஷூவும் போட்ட முதல் சில நாட்களில் பிரேக் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். ஷூ டிரம்மோடு ஒட்டிப் படியவும், கேபிள் இழுபட்டு உட்காரவும் நேரமாகும். வாகனம் இல்லாத நேரத்தில் மெதுவான வேகத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை பிடித்து விட்டபின் உங்கள் மனைவியிடம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து லீவரின் ஆட்டத்தை மறுபடி அளந்து, டிரம் பக்கத்து நட்டை ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருப்ப வேண்டியிருக்கும். திருப்பியபின் சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும்.