திருவொற்றியூர் எப்போது சென்னையில் சேர்ந்தது?

திருவொற்றியூர் சென்னையோடு எந்த ஆண்டு சேர்ந்தது, அதற்கு முன்பு அது யாருடைய எல்லையில் இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வீடு வாங்க எண்ணி, பத்திரத்தைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஆவணப்படி, தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் முதலானவற்றோடு, மொத்தம் 42 உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்றாக, 2011-இல் சென்னை மாநகராட்சியில் இணைந்து, அதன் முதல் மண்டலமாயிற்று. வருவாய் மாவட்டம் மட்டும் 2018 வரை திருவள்ளூராகவே நீடித்தது. அந்த இடைக்காலத்தில் தென்சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி சென்னை, மாவட்டம் திருவள்ளூர், இரண்டில் எது பொய் என்று அங்கிருந்தவர் கேட்டார். இரண்டும் மெய்தான் என்று எவ்வளவு விளக்கியும் அவர் ஏற்கவில்லை. "அது சென்னையே இல்லையே சார்" என்று ஒரு சிரிப்பு வேறு.

ஊர்ப்பெருமை பேசுவதாகச் சிலர் சொல்லக்கூடும். ஆண்டுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் கோட்டைக்கு இடம் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேவார மூவரும் பாடிய தலம் இது. இவ்வூரை விட்டு நீங்கேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த சுந்தரர், எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தார் என்பது இத்தலத்தின் வரலாறு. 1708-இல் நவாப் கம்பெனிக்கு அளித்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் ஒன்று, நுங்கம்பாக்கமும் ஒன்று. நுங்கம்பாக்கத்துக்காரரிடம் எப்போது சென்னைக்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனியின் சென்னை ஆளுநர் காலெட் இங்கே நெசவாளர்களைக் குடியமர்த்திய இடமே இன்றைய காலடிப்பேட்டை.

நிலம் கிழக்கே கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டை. சாலையும் இரயில் பாதையும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் இதற்குள்தான் நெருங்கிக் கிடக்கின்றன. 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை தொடங்கியதும் இங்கேதான். கிழக்கெல்லை நிலையாக நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், கரையோரமாக வடக்கே நகரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு மெரினா அகன்றது, எங்கள் கரை அரிக்கப்பட்டது. கடற்கரைச் சாலையோரம் கருங்கற்களைக் கொட்டித்தான் இருக்கும் நிலத்தைக் காத்து வருகிறார்கள். இதைச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுப் பத்திரத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்றிருந்தால் அஞ்ச வேண்டாம். 1997-க்கு முந்தைய பத்திரமாக இருந்தால் செங்கல்பட்டு என்றுகூட இருக்கும். திருவள்ளூர் மாவட்டம் பிரிந்ததே அந்த ஆண்டில்தான்.