சிறப்பு பயிற்றுநர்கள் நிலைக்காததற்குக் காரணம் சம்பளமா, பள்ளிச் சூழலா?

சேலத்தில் பள்ளி நடத்துகிறேன், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் எந்தச் சிறப்பு பயிற்றுநரும் ஒரு கல்வியாண்டைத் தாண்டுவதில்லை, சம்பளத்தைக் கூட்டினால் நிற்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். முதலில் டவுனில் ஒரு தனியார் பள்ளி, இப்போது ஏற்காடு ஒன்றியத்தில் அரசுப் பள்ளிகள்.

கூட்டுங்கள், நல்லதுதான். சமக்ர சிக்ஷா என்ற அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் எங்களுக்குத் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு எங்கள் ஆட்கள் போராடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் டவுனில் நான் வாங்கியது இதைவிட அதிகம். அதை விட்டுவிட்டுத்தான் மலைக்கு வந்தேன்.

டவுன் பள்ளியில் எனக்கு வள அறை (இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் அறை) என்று கொடுத்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம். ஆண்டு விழா நெருங்கினால் டான்ஸ் டிரஸ் மூட்டைகளும் அங்கேதான் வரும். பிள்ளையை உட்காரவைத்து எழுத்து அட்டையைக் கையில் எடுத்திருப்பேன், வாசலில் ஆயாம்மா நிற்பார். "மிஸ், ஆறாவது 'பி'க்கு மிஸ் வரலையாம், உங்களைப் போகச் சொன்னாங்க." அவ்வளவுதான், அந்தப் பிள்ளைக்கு அன்று பாடம் கிடையாது. சாயந்திரம் அவன் அம்மா "இன்னைக்கு என்ன மிஸ் படிச்சான்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் நான்.

வகுப்பாசிரியர்களோடு பட்ட பாடு தனி. ஆட்டிசம் உள்ள பையன் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், "உங்க பையன் ஆரம்பிச்சிட்டான், கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அவர்கள் வகுப்பில்தான் இருந்தது! ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் எங்கள் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பயிற்சி வகுப்புகளுக்குப் போயாக வேண்டும். லீவு கேட்டால் "அது உங்க சொந்த விஷயம்" என்று நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிவு இல்லாமல் என்னை வேலையில் வைத்திருக்கவே முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

மலையில் ஒன்றும் வசதி கொட்டிக் கிடக்கவில்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி, உள்ளூர் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். காபி எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடும் பெற்றோரை வீட்டில் பிடிப்பதும், சிக்னல் இல்லாத இடத்தில் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் பதிவு போடுவதும் பெரும்பாடு. இருந்தும் நான் போகும் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியை, நான் வரும் நாளில் நாலாம் வகுப்புக்குக் காலையிலேயே தமிழும் கணக்கும் வருகிற மாதிரி கால அட்டவணையை மாற்றிவைத்திருக்கிறார். அந்த வகுப்பில் பார்வை குறைந்த பெண்பிள்ளை ஒருத்தி. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், பக்கத்துக்கு நாலே வரியாக, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் பாடத்தை எழுதித் தைத்து வைத்திருந்தார் வகுப்பாசிரியர். நான் சொல்லிச் செய்ததில்லை. "மேடம், மஞ்சள் தாள்ல எழுதினா இவளுக்கு இன்னும் நல்லா தெரியுமா?" என்று கேட்டார். நான் போகாத நாட்களிலும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடக்கிறது. அந்தப் பள்ளிக்குப் போகிற நாளில் மழையைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை.

இது என் ஒருத்தியின் கதையும் இல்லை. அமெரிக்காவில் போனி பில்லிங்ஸ்லி, எலிசபெத் பெட்டினி என்ற இரு பேராசிரியர்கள் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். சம்பளத்தோடு நிர்வாகத்தின் ஆதரவு, சக ஆசிரியர்கள், வேலைச்சுமை எல்லாமே அதில் வருகின்றன. வேலைச்சுமை என்றதும் நினைவுக்கு வருகிறது: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் தொடக்க வகுப்பில் 10 பேருக்கும், அதற்கு மேல் 15 பேருக்கும் ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் பள்ளியில் கணக்கு எப்படி என்று பாருங்கள்.

அப்புறம், அடுத்த ஆளுக்கு விளம்பரம் கொடுக்கும்போது "நிர்வாகம் ஒதுக்கும் இதர பணிகள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். போனவர் எத்தனை பாடவேளை வேறு வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார் என்று தெரிய அவருக்கு போன்கூடப் போட வேண்டாம். உங்கள் ஆபீஸில் இருக்கும் சப்ஸ்டிடியூஷன் நோட்டைப் புரட்டினாலே போதும்.