பனிக்கட்டி ஆற்றை அடைத்தால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கனடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடு யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. அதனால்தான் ஆற்றுப் பனிக்கட்டி பற்றி இத்தனை பேர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்.

மகள் பிரம்டனில் இருக்கிறா. கடுங்குளிர் காலத்தில் எப்படி ஆறு பெருகும்? (கொக்குவில்)

2022 பெப்ரவரியில் பிரம்டனின் சேர்ச்வில் பகுதியில் அப்படித்தான் நடந்தது. கிரெடிட் ஆற்றைப் பனிக்கட்டி அடைத்ததால் ஆட்களை வெளியேற்ற வேண்டி வந்தது.

குளிர்காலத்தில் ஆற்றின் மேற்பரப்பு உறைந்திருக்கும். திடீரென வெப்பம் கூடி, பனி உருகி, மழையும் சேர்ந்தால் நீர் ஏறி அந்தத் தட்டை உடைத்துவிடும். உடைந்த பாளங்கள் வளைவிலோ, பாலத் தூணிலோ, இன்னும் உடையாத பனித்தட்டிலோ போய்ச் சிக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். கோடையில் அமைதியாக ஓடிப்போகிற அளவு நீர்கூட அப்போது கரையை மீறும். அடைப்பு உடைந்தால் தேங்கிய நீர் அலையாகக் கீழே பாயும். ஆகவே அடைப்புக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஆபத்து உண்டு.

புயலை நாட்கணக்கில் முன்னறிவிக்கிறார்களே, இதை ஏன் முடியவில்லை? (நெல்லியடி, உயர்தர மாணவர்)

நல்ல கேள்வி. பாதியைக் கணிக்க முடியும். பனித்தட்டின் தடிப்பு, சேர்ந்த குளிரின் அளவுக்கு (உறைநிலைக்கு எவ்வளவு கீழே, எத்தனை நாள் என்ற கூட்டுத்தொகைக்கு) ஏறத்தாழ வர்க்கமூல விகிதத்தில் கூடும். குளிர் நான்கு மடங்கு சேர்ந்தால் தடிப்பு இரண்டு மடங்கு. நிலத்தில் கிடக்கும் பனியில் எவ்வளவு நீர் உண்டு, எப்போது வெப்பம் ஏறும் என்பதையும் கணிக்கலாம். 2019இல் கனடா ஏவிய மூன்று ராடார் செய்மதிகள் முகிலையும் இருளையும் ஊடுருவி ஆற்றுப் பனியைப் படமெடுக்கின்றன.

முடியாதது, பாளங்கள் எந்த வளைவில் சிக்கும், எப்போது விடும் என்பது. 1992 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் மொன்ட்பிலியர் நகர மையம் பனிக்கட்டி அடைப்பால் ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளத்தில் மூழ்கியது. வடக்கே ஓடும் ஆறுகள் இன்னும் சிக்கலானவை: தெற்கிலுள்ள மேல்பகுதி முதலில் உருகி, உறைந்தே கிடக்கும் கீழ்ப்பகுதியில் போய் மோதும். 2022 மே மாதம் கனடாவின் வடக்கிலுள்ள ஹே ரிவர் ஊர் முழுவதையும் காலிசெய்யச் சொன்னது அப்படியான ஆற்றின் வெள்ளத்தால்தான்.

எனவே எச்சரிக்கை ‘வரலாம்’ என்றுதான் சொல்லும். ‘வரும்’ என்று சொல்லும்வரை காத்திருந்தால் நேரம் போதாது.

குண்டு வைத்து உடைத்தால் என்ன? (சாவகச்சேரி)

2001இல் ரஷ்யாவின் லீனா ஆற்றில் விமானத்திலிருந்தே குண்டு போட்டார்கள். அப்படியும் லென்ஸ்க் நகரம் அழிந்தது. உடைத்த கட்டி போவதற்குக் கீழே திறந்த நீர் வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பு இடம்மாறும், அவ்வளவுதான். முன்கூட்டியே செய்வதுதான் பலன் தரும். ஒட்டாவாவில் ரிடோ ஆற்றுப் பனியை ஆண்டுதோறும் வசந்தத்துக்கு முன்பே வெட்டியும் வெடிவைத்தும் அகற்றுகிறார்கள். மனிரோபாவின் ரெட் ஆற்றில் இயந்திரங்கள் கீழ்ப்பகுதியில் பனியை அறுத்து உடைக்கின்றன.

மகன் ஆற்றங்கரை வீடொன்றின் பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கிறான். என்ன சொல்லட்டும்? (பருத்தித்துறை)

இன்றே சொல்லுங்கள். ஒன்ராறியோவில் அந்தந்த ஆற்றுப்படுகையின் பாதுகாப்பு அதிகாரசபை வெள்ள அறிவித்தல்களை விடுகிறது. அதைத் தன் தொலைபேசிக்கு வரச் செய்யட்டும். கடவுச்சீட்டு, சான்றிதழ்களை மேல்மாடியில் வைக்கட்டும். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேற வேண்டும், தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று இருக்கக்கூடாது. பாளங்களைப் படமெடுக்கக் கரைக்குப் போவதும் வேண்டாம்; நொடியில் கரையேறிவிடும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? (மானிப்பாய்)

பனிக்கட்டி நமக்கில்லை, அடைப்பு உண்டு. வழுக்கையாற்றிலும் வெள்ள வாய்க்கால்களிலும் மதகுகளில் ஆகாயத்தாமரையும் பொலித்தீனும் சிக்கும்போது நடப்பதும் இதுதான்: மழை அளவு அதேதான், மேற்புற வீடுகளில் மட்டும் தண்ணீர் ஏறும். இரவில் மாரி மழை கொட்டும்போது ஒருவரும் மதகுக்குள் இறங்கக்கூடாது, நீர் இழுத்துவிடும். செப்டெம்பரிலேயே உங்கள் ஒழுங்கை மதகைப் போய்ப் பாருங்கள். அடைத்திருந்தால் படத்துடன் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.